நனைந்த கித்தான்

ஐம்பத்திரண்டு வருஷம் நான் சலவைக்கல்லில் துணி செதுக்கினேன். துணி மட்டும்தான். இத்தாலியில், கர்ராராவில் எங்கள் பட்டறையில் ஒரு சிலையை ஒரே ஆள் செய்யும் வழக்கம் கிடையாது. ஒருவன் கல்லை வெட்டி உருத்திரட்டிக் கொடுப்பான். ஒருவன் முகமும் கையும் செய்வான். பூ, இலை, கொடிக்கு ஒருவன். கடைசியில் இரண்டு பெண்கள் நுரைக்கல் போட்டுத் தேய்ப்பார்கள். உடுப்பு என் பங்கு. முக்காடு, பாவாடை, தேவதைக்கு அங்கி, தளபதிக்கு மேலங்கி, பிணத்துக்குப் போர்வை. பீலாதே என்ற என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. துணிக்காரன் என்பார்கள். முகம் செய்கிற ஊகோ மட்டும் கந்தல் என்பான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெரிய பேச்சு எனக்கு வராது. ஒன்று மட்டும் சொல்வேன், முகத்தை நான் நம்புவதில்லை. ஊகோவிடம் மொத்தம் நாலு அழுகை இருந்தது. தாய்க்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, தேவதைக்கு ஒன்று. அந்த நாலையும் மாற்றி மாற்றிப் போட்டு நாற்பது வருஷம் ஓட்டினான். கல்முகத்தை மட்டும் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறவர்களும் அப்படித்தான். முகத்தை அடக்கிக்கொள்ள எல்லோருக்கும் தெரியும். போட்டிருக்கிற துணியை அடக்கத் தெரியாது. ஒருத்தி பாவாடைக்குள் விரலை மடக்கிக்கொண்டு நின்றால் அந்த இறுக்கம் இடுப்புவரை ஏறும். முகம் சிரித்துக்கொண்டிருக்கும்.

துணிக்கு மாதிரி எப்படிச் செய்வோம் என்றால், பழைய துணியைக் களிமண் கரைத்த தண்ணீரில் முக்கி மரப்பொம்மை மேல் போடுவோம். காய்ந்த துணி சொன்ன பேச்சைக் கேட்காது. நனைத்தால் கேட்கும். விரலால் இங்கே தள்ளி, அங்கே இழுத்து, விட்டுவிட வேண்டும். இருபது வருஷம் செய்த பிறகு யோசிக்கவே வேண்டாம், கை தானாகப் போகும். அந்தக் கைதான் என்னை மாட்டிவிட்டது.

ஐம்பத்தாறாம் வருஷம் அக்டோபரில் ஆர்ஜியா பட்டறைக்கு வந்தாள். துறைமுகத்தில் படகுகளுக்குப் பாய் தைக்கிறவள். குவாரிகளுக்கும் கித்தான் தைத்துக் கொடுப்பாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவள் புருஷன் அத்தேயோ மேல் குவாரியில் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. துணைக்கு ரிபெல்லே வந்திருந்தான். அத்தேயோ வேலை பார்த்த குழுவின் மேஸ்திரி. கல்லறைக் கல்லுக்கு வேண்டியதைக் குழுவே பார்த்துக்கொள்ளும் என்று அவன்தான் முதலாளியிடம் பேசியிருந்தான்.

முதலாளி ஒலிந்தோ போட்டோ புத்தகத்தைத் திறந்து வைத்தார்.

"என்னம்மா பாக்கறே? தேவதை வேணுமா, குனிஞ்சு அழற பொண்ணு வேணுமா? இது ஜெனோவாவுக்குப் போச்சு. இது அர்ஜென்டினாவுக்கு."

"தேவதையெல்லாம் ஆகாது முதலாளி" என்றான் ரிபெல்லே. "அவன் பேரே அத்தேயோ. சாமி கிடையாதுன்னு அவங்க அப்பன் ஆசையா வச்ச பேரு. றெக்கையோட ஒண்ணைத் தலைமாட்டுல நிறுத்துனா எந்திரிச்சு வந்து நம்மளை உதைப்பான்."

"வரட்டுமே" என்றாள் ஆர்ஜியா.

சிரிக்க ஆரம்பித்தவர்கள் நிறுத்திக்கொண்டோம்.

"அன்னைக்கு அவரைக் கீழ கொண்டாந்து கொட்டகையில வச்சிருந்தாங்கல்ல, கித்தான் போத்தி? அந்தக் கித்தான் வேணும். கல்லுல."

"சரிதான். படுத்திருக்கிற ஆளு, மேல துணி" என்றார் முதலாளி.

"ஆளைப் பத்தி நான் சொல்லலைங்க. ஆளை எனக்குக் காட்டல. நான் பாத்தது கித்தான்."

"முகம் துணிக்குள்ளேருந்து லேசாத் தெரியற மாதிரி செய்யலாம்மா. மூக்கு, உதடு, கண்குழி, எல்லாம் மெல்லிசா. நம்ம ஊகோ அதுல கெட்டிக்காரன்."

"போட்டோ இருந்தா குடு தாயி" என்றான் ஊகோ.

"இருக்கு. உயிரோட இருக்கிறப்ப எடுத்தது." அவள் புத்தகத்தை மூடி முதலாளி பக்கம் தள்ளினாள். "அடியில என்ன இருந்துச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் எனக்குச் சொல்லல. குழுவுல பன்னெண்டு பேர்கிட்டயும் தனித்தனியாக் கேட்டாச்சு. அத்தேயோதான், வேற யாருங்கறாங்க. ஒருத்தனும் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லல. பெட்டியில ஆணி அடிச்சுதான் குடுத்தாங்க. நான் மூணு வருஷமா வாசக் கதவுக்குத் தாழ் போடாமத் தூங்குறேன். செத்தவன் பொண்டாட்டி அப்படித் தூங்குவாளா? சொல்லுங்க."

ரிபெல்லே கூரை உத்தரத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"துணிதானே? துணிக்காரன் செய்வான்" என்று முதலாளி பேச்சை முடித்தார்.

ரிபெல்லே ஏன் என்னைப் பார்த்தான் என்று சொல்லிவிடுகிறேன். மறைத்து மறைத்துச் சொல்லும் சாமர்த்தியம் எனக்கு இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன், ஜூலையில், காலை பத்து மணி வாக்கில் மேலே சங்கு ஊதினார்கள். வேலை தொடங்க ஊதுகிற சங்கு வேறு, சாவுக்கு ஊதுகிற சங்கு வேறு. சாவுச் சங்கு கேட்டால் பள்ளத்தாக்கு முழுக்க உளியைக் கீழே போட்டுவிடுவார்கள். அன்றைக்கு எவனும் வேலை செய்யமாட்டான். பெண்கள் தெருவுக்கு வந்து நின்று மேலே பார்ப்பார்கள், இன்றைக்கு யார் வீடு என்று.

நான் பட்டறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது ரிபெல்லே ஓடி வந்தான். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூள்.

"துணிக்காரரே, வாங்க. கேள்வி கேக்காம வாங்க."

குவாரி அடிவாரத்தில் கருவிகள் வைக்கிற கொட்டகைக்குக் கூட்டிப்போனான். பலகைமேல் ஒரு மேல்சட்டையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். குழுவில் மற்ற பதினொரு பேரும் சுவரோரம் நின்றார்கள். எனக்குச் சட்டைக்குள் என்ன என்று முதலில் புரியவில்லை.

"வலது கை. தோளோட" என்றான் ரிபெல்லே.

"மிச்சம்?"

"மிச்சத்து மேல மலை உக்காந்திருக்கு. வெட்டி எடுக்க முடியாது. மேல இன்னொரு பாறை தொங்குது, கிட்டப் போனா அடுத்த சங்கு நமக்குத்தான்."

"நான் என்னய்யா பண்ணணும்?"

"அவ ஏறி வந்துக்கிட்டிருக்கா. ஒரு பொம்பளை கையில ஒரு கையைக் குடுத்து, இந்தா உன் புருஷன்னு சொல்ல என்னால ஆகாது. உங்களால ஆகுமா?"

என்னாலும் ஆகாது. அதனால் செய்தேன். உடம்புக்குக் கல்தூள் மூட்டை இரண்டு. தொடைக்கு நாலு சட்டைகளை இறுக்கிச் சுருட்டினேன். பாதத்துக்கு ஒருவன் பூட்சைக் கழற்றிக் கொடுத்தான். தலைக்கு எதுவும் பொருந்தவில்லை. வைக்கோல் சுற்றிய ஒயின் குடுவை ஒன்று மூலையில் கிடந்தது, அதை வைத்தேன். வலது பக்கம் மட்டும் உள்ளது உள்ளபடி. மேலே கித்தானைப் போட்டால் அது பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. புதுக் கித்தான். ஒரு வாளித் தண்ணீரை எடுத்து முழுக்க ஊற்றினேன். பிறகு கை தானாகப் போனது. மார்பிலிருந்து இடுப்புக்கு இறங்கும் மடிப்பு, கணுக்காலில் சேரும் மடிப்பு, இடது முழங்கால் கொஞ்சம் தூக்கலாக. கல்லில் நூறு பிணங்களை நான் அப்படிப் படுக்கவைத்திருக்கிறேன்.

நன்றாக வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, செய்யும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சுவரோரம் நின்ற ஒருவன் தொப்பியைக் கழற்றினான். மூட்டை கட்டியவனே அவன்தான்.

நான் பின்பக்கமாகப் போய்விட்டேன். அவள் வந்ததைப் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். கத்தவில்லை. கித்தானின்மேல், மார்பு இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்து உள்ளங்கையைப் பார்த்தாள். ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். தூக்கிப் பார்க்கப் போனபோது ரிபெல்லே அவள் தோளைப் பிடித்தான், "வேணாம் ஆர்ஜியா, நாங்க பாத்துட்டோம், போதும்" என்றான். டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டு, எங்களில் ஒருவரையும் பார்க்காமல் கீழே இறங்கினார். பெட்டி கனமாகத்தான் இருந்தது. கல்தூள் கனம். கறுப்புக் கொடி பிடித்து, பாதிரியார் இல்லாமல், வாத்தியம் வைத்துப் புதைத்தோம். அவள் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஊர் சொன்னது. இதை வெளியே சொல்வதில்லை என்று பதின்மூன்று பேரும் கையடித்துக்கொண்டோம்.

இப்போது அதே கித்தானை நான் கல்லில் செய்ய வேண்டும்.

பொம்மையும் துணியும் இல்லாமல் வெறும் களிமண்ணிலேயே மாதிரி செய்ய ஆரம்பித்த அன்றே ரிபெல்லே மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தான்.

"வேற மாதிரி பண்ணிடுங்க."

"எப்படி வேற மாதிரி?"

"நமக்குத் தெரிஞ்ச மாதிரி இல்லாம. எவனோ ஒருத்தன் படுத்திருக்கான், எவனோ போத்தியிருக்கான். அவ்வளவுதான்."

"நீ கல்லை மேலேருந்து கீழதான் உருட்டுவே. கீழேருந்து மேல உருட்டுன்னா உருட்டுவியா?"

"விளையாடாதீங்க. அவளுக்குத் தெரிஞ்சா செத்துருவா."

"அவ எங்க சாவா? மூணு வருஷமாக் கதவைத் திறந்து வச்சுட்டு உயிரோட இருக்கா."

அவன் கடித்துக்கொண்டிருந்த வெங்காயத்தில் மீதிப் பாதியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

வேறு மாதிரி செய்யத்தான் பார்த்தேன். முழங்காலை இறக்கினேன், துணி செத்துப்போனது. அது பிணத்தின் துணியாக இல்லை, மூடிவைத்த மூட்டையாக இருந்தது. கலைத்தேன். மடிப்பைக் குறுக்கே போட்டேன், அதுவும் பொய். மூன்று வாரத்தில் மூன்று தடவை கலைத்தேன். மனசிலே அலுப்பு. ராத்திரி தூக்கம் இல்லை, பகலில் கண் எரியும். எங்கள் வீட்டுக்காரி உயிரோடிருந்தபோது ஒருநாள் கேட்டாள், உனக்கு எதில்தான் நம்பிக்கை என்று. துணியில் என்றேன். அந்தத் துணியை வைத்துத்தான் நான் பொய் சொல்லியிருக்கிறேன் என்று அந்த மூன்று வாரமும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது தடவை எனக்குத் தெம்பில்லை. விட்டுவிட்டேன். கை செய்தது.

"கந்தலு, இது நல்லாருக்குடா!" என்றான் ஊகோ. நாற்பது வருஷத்தில் அவன் என் வேலையைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான். "கால் முட்டியப் பாரு. அப்படியே இப்பத்தான் மூச்சு நின்ன மாதிரி."

முதலாளிக்கும் பிடித்தது. ஆளனுப்பி ஆர்ஜியாவை வரச் சொன்னார்.

அவள் மதியத்தில் வந்தாள். எல்லோரும் வெளியே வெயிலில் உட்கார்ந்து ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே நான் மட்டும். களிமண் காயாமல் இருக்க மேலே போட்டிருந்த ஈரச் சாக்கை எடுத்தேன். மாதிரி ஒரு மேஜை நீளம்.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். கிட்டே வரவில்லை. கால்மாட்டில் ஆரம்பித்துத் தலைவரை, தையல் பார்க்கிறவள் பார்ப்பதுபோல ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தாள்.

"அண்ணே, அன்னைக்கு நான் என்ன சொன்னேன்?"

"கித்தான்னு சொன்னே."

"இடது முட்டி தூக்கியிருந்துச்சுன்னு சொன்னேனா?"

நான் ஈரச் சாக்கை மடிக்க ஆரம்பித்தேன்.

"மார்லேருந்து மூணு மடிப்பு இறங்கி, நடு மடிப்பு மட்டும் பாதியில நின்னுச்சுன்னு சொன்னேனா? இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. தெனம் படுக்கறப்ப எனக்கு நானே எண்ணிப் பாக்கறது இது."

"பிணத்துக்குத் துணி அப்படித்தாம்மா விழும்."

"விழாது." அவள் குரலை உயர்த்தவில்லை. "அந்தக் கித்தான் நான் தைச்சது. அந்த மாசந்தான் குவாரிக்குக் குடுத்தேன். ஒரு மழைகூடப் பாக்கல அது. ஆள் மேல போட்டா கூடாரம் மாதிரி நிக்கும், உடம்போட ஒட்டாது. நான் போனப்ப ஈரமா இருந்துச்சு. ஜூலை மாசம். கையை வச்சேன், நனைஞ்சுபோச்சு. ரத்தம் இல்ல. தண்ணி. ரத்தத்தைக் கழுவினோம்னான் ரிபெல்லே. சுத்தித் தரை காய்ஞ்சு கிடந்துச்சு. எந்தக் கூமுட்டை கித்தானோட சேத்துக் கழுவுவான்? மூணு வருஷமா இதையேதான் யோசிக்கிறேன். ஏன் நனைச்சாங்க? ஏன் நனைச்சாங்க?" களிமண்ணைக் காட்டினாள். "உங்க பட்டறையில துணியை நனைச்சுத்தான் போடுவீங்களாமே. மெருகு போடற லூச்சியா சொன்னா. அப்பத்தான் கல்லு வேணும்னு ரிபெல்லேகிட்டக் கேட்டேன்."

கல்லுக்காக அவள் வரவில்லை. எனக்காக வந்திருக்கிறாள்.

"உக்காரும்மா" என்றேன்.

"நின்னுக்கறேன். சொல்லுங்க."

கையடித்துக் கொடுத்த வாக்கு இருக்கிறது. பதின்மூன்று பேர். நான் வாக்கு மீறாதவன் என்றெல்லாம் பெருமை பேசமாட்டேன், ஆனால் அதுவரை மீறியதில்லை. அவள் கையைப் பார்த்தேன். ஏப்ரன் பைக்குள் இருந்தது. பைத்துணி வயிற்றுக்குக் குறுக்கே முறுக்கிக்கொண்டு, முடிச்சு அவிழ்கிற அளவுக்கு இழுபட்டிருந்தது. முகம் சாதாரணமாகத்தான் இருந்தது, மீன் விலை கேட்கிறவள் மாதிரி.

சொன்னேன். மூட்டை, சட்டை, பூட்ஸ் எல்லாம் சொன்னேன்.

"தலைக்கு?"

"ஒயின் குடுவை."

"காலியா?"

"காலி."

"ரொம்பப் பொருத்தம்" என்றாள். உதடு ஒரு பக்கம் கோணியது. "அப்ப அவர் எங்க?"

"மேலதான். பாறைக்குக் கீழ. எடுக்க முடியல."

"அது அவர்தான்னு எப்படித் தெரியும்? பாத்தவன் யாரு? இவனுங்க பொய் சொல்றவனுங்க, நீங்களும் பொய் சொல்றவரு."

"ஒரு கை கிடைச்சுது. வலது கை. தோளோட."

அவள் பைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். "சட்டை இருந்துச்சா?"

"இருந்துச்சு. நீலம்."

"முழங்கையில?"

"ஒட்டுப் போட்டிருந்துச்சு. சாம்பல் துணி."

"நூலு?"

நான் துணிக்காரன். நூலைப் பார்க்காமல் இருப்பேனா. "கறுப்பு. மெழுகு நூல். பாய் தைக்கிற தையல், ரெண்டு ஓட்டம். கீழ் மூலையில பிரிஞ்சிருந்துச்சு."

"அந்த மூலையைத் தைக்கணும்னு கேட்டாரு. நாளைக்குன்னேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. மாதிரிக்குப் பக்கத்தில் வந்தாள். பாதத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். களிமண் இறங்கியது. நான் ஆறு வாரம் செய்த வேலை. தடுக்கவில்லை. கணுக்கால், முழங்கால், தொடை, ஒவ்வொன்றாக வைத்து அழுத்தி அழுத்தி மேலே வந்தாள். கோபம் மாதிரி இல்லை. இருட்டில் படுக்கையில் பக்கத்து இடத்தைத் தடவிப் பார்ப்பார்களே, அப்படி. வயிறு போனது. மார்பு போனது. தலையை ஒரே தள்ளில் சமமாக்கினாள். வலது தோளுக்கு வந்தபோது நின்றாள். மணிக்கட்டுவரை துணிக்கடியில் புடைத்துத் தெரிந்த கைமேல் கையை வைத்தாள், அழுத்தவில்லை.

"இது இருக்கட்டும். மத்ததெல்லாம் பொய். இப்படிச் செய்ங்க" என்றாள். வாளித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு போனாள்.

சாப்பிட்டுவிட்டு வந்த ஊகோ பார்த்துவிட்டு, "அடப்பாவி, குடிச்சிட்டுப் படுத்தியா இதுமேல?" என்றான். முதலாளி அரை மணி நேரம் கத்தினார். வெறும் துணியை எவன் கல்லறையில் வைப்பான், பட்டறை பேரே போய்விடும் என்றார். கேட்டவள் கேட்டதைத்தான் செய்யப்போகிறேன், வேண்டாம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். வேறு துணிக்காரன் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

கல்லில் உடம்பு சுலபம். முழங்கால் இருந்தால் மடிப்புக்கு ஒரு காரணம் கிடைக்கும். அடியில் ஒன்றுமில்லாத துணியைச் செய்வது மாதிரிக் கஷ்டம் நான் பார்த்ததில்லை. தரையில் கிடக்கிற துணி என்று நினைத்தால் அது தரையாகவே ஆகிவிடும். அவள் உள்ளங்கை விழுந்த குழிகளை நான் அழிக்கவில்லை. புள்ளி புள்ளியாக அளந்து கல்லுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் துணி எப்படிச் சுருங்கும், எந்தப் பக்கம் தள்ளப்படும் என்று பார்த்துப் பார்த்து, டிசம்பர் தொடங்கி மார்ச் முடிய. தோள்பட்டை விட்டுப்போனது. உளியை வைத்துவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. பின்னால் நின்று பார்த்தால் யாரோ ஒருத்தர் அந்தத் துணிமேல் எதையோ தேடித் தேடிப் பார்த்துவிட்டு ஒரே இடத்தில் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. அதை நான் யோசித்துச் செய்யவில்லை. அவள் செய்தது. நான் கல்லுக்கு மாற்றினேன்.

மார்ச்சில் ரிபெல்லே வந்து பார்த்தான். வலது கை இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "வாக்குக் குடுத்தோம்" என்றான்.

"குடுத்தோம். நான் மீறிட்டேன்."

"இதைக் கொண்டுபோய் வச்சா ஊருக்கே தெரியும், நாங்க என்ன பண்ணோம்னு. வலது கை மட்டுந்தான் கிடைச்சுதுன்னு சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்."

"புரியட்டும்."

"உமக்கென்ன, நீர் கீழ உக்காந்து செதுக்கற ஆளு. நாங்க அவ தெருவுல நடக்கணும்."

"மூணு வருஷமா நடக்கறீங்களா? அவ எதிர்ல வந்தா சந்துக்குள்ள நுழையறீங்க. நானே பாத்திருக்கேன்."

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கல்லின் விளிம்பில் உட்கார்ந்து, கால் நடுவில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அப்படியே இருந்தான்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லைக் கொண்டுபோய் வைத்தோம். மாட்டுவண்டியில் வைத்துக் கயிறு கட்டி இறக்கினார்கள் அதே பன்னிரண்டு பேரும். நல்ல உடுப்பு, கழுத்தில் கறுப்புக் கைக்குட்டை. இறக்கி முடித்த பிறகு எங்கே பார்ப்பது என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்றுகூடத் தெரியாமல் பாதிப் பேர் கழற்றினார்கள்.

ஆர்ஜியா கல்லைச் சுற்றி வந்தாள். தட்டையான இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாள். "நல்லா இழைச்சிருக்கீங்க" என்று என்னிடம் சொன்னாள், கூடத் தைக்கிற ஒருவன் வேலையைச் சொல்வதுபோல. பிறகு ரிபெல்லே பக்கம் திரும்பினாள்.

"எந்த இடம்?"

"என்ன எந்த இடம்?"

"அவர் இருக்கிற இடம். இங்கேருந்து தெரியுமா?"

ரிபெல்லே மற்றவர்களைப் பார்த்தான். எவனும் உதவிக்கு வரவில்லை. கல்லறை மதிலுக்கு அப்பால் மலை முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கீறிக் கிடந்தது. அவன் கையைத் தூக்கினான், தயங்கி மறுபடி இறக்கினான்.

"காட்டுடா" என்றாள்.

"அந்த ரெண்டாவது வெட்டு தெரியுதா? அதுக்கு இடப்பக்கம், மஞ்சளா ஒரு கறை. அதுக்குக் கீழ."

"அதுக்குக் கீழயில்ல" என்றான் ஜூஸ்தோ. பூட்சைக் கழற்றிக் கொடுத்தவன். "அது மேல் தட்டு. அவன் நின்னது கீழ் தட்டுல. நான் கயிறு பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

"நீ கயிறு பிடிச்சது வேற பக்கம். உனக்கு எப்படித் தெரியும்?"

"குரல் கேட்டுச்சே."

"என்ன குரல்?" என்றாள் ஆர்ஜியா.

ஜூஸ்தோ வாயை மூடிக்கொண்டான். அவள் அவன் முன்னால் போய் நின்றாள். அவன் அவளைவிட ஒரு முழம் உயரம்.

"என்ன குரல்னு கேட்டேன்."

"'ஆப்பு தளருது, தள்ளி நில்லுங்க'ன்னான். எங்களைத் தள்ளி நிக்கச் சொன்னான்."

"அது பத்துமணிக்கு முன்னாடியா பின்னாடியா?"

"முன்னாடி. ரொட்டி பிரிக்கல இன்னும்."

"இல்ல, பிரிச்சாச்சு" என்றான் வேறொருவன். "அவன் தன் பங்கை எடுத்துப் பையில வச்சான். நான் பாத்தேன்."

பிறகு நிறுத்த முடியவில்லை. பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கல்லைச் சுற்றி நின்று, ஒருவனை ஒருவன் மறுத்து, கையைக் காட்டிக் காட்டி, யார் எங்கே நின்றான், எது முதலில் விழுந்தது, தூசி அடங்க எவ்வளவு நேரம் ஆனது என்று. ஒருவன் பேசும்போதே அழுதான். இன்னொருவன் அவனை முழங்கையால் இடித்து, "நீ பொய் சொல்றே, நீ அங்க இல்லவே இல்ல" என்றான். அவள் ஒவ்வொருவனாக நிறுத்தி, "நீ சொல்லு. அப்புறம்?" என்று கேட்டாள். ஒத்துவராத இடத்தில் இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி மறுபடி சொல்ல வைத்தாள். விட்டுவிடவே இல்லை.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. என் முதுகு ஒடிந்துவிடும் போலிருந்தது. ரிபெல்லே கல்லின் தட்டையான பகுதியில் விரலால் தூசியில் கோடு போட்டு, இது பாறை, இது கயிறு, இது அவன் என்று அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். நாலு மாதம் இழைத்த கல். பிறகு அவர்களே கல்லைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று நான் வீட்டுக்கு நடந்தேன்.